டூரிங் பைக்கிற்குக் கம்பெனிப் பெட்டியா, வெளிச்சந்தைப் பெட்டியா? ஹிமாலயன் 450-ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தூரப் பயணத்துக்கென்று பைக் வாங்கியவர்களுக்கு டெலிவரி எடுத்த சில வாரங்களிலேயே ஒரு கேள்வி வந்துவிடும். ஷோரூமில் பளபளவென்று நிற்கும் அலுமினியப் பெட்டிகளை அப்படியே வாங்குவதா, வெளிச்சந்தையில் கிடைக்கும் பெட்டியையோ பையையோ பார்ப்பதா? யாரைக் கேட்டாலும் பதிலாக ஒரு பிராண்டின் பெயர்தான் வருகிறது. பிராண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. பெட்டியைத் தாங்கும் கேரியர் எது, எவ்வளவு எடையை எந்த இடத்தில் வைக்கப் போகிறோம் என்பவை அவற்றில் முக்கியமானவை. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மேலே எதை மாட்டினாலும் வண்டி தாங்கும். இவை தவறினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஆடத் தொடங்கும்.

எடுத்துக்காட்டாக ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ எடுத்துக்கொள்கிறேன். சென்னையை அடுத்த தொழிற்சாலையில் உருவாகும் வண்டி. நம் ஊரில் தூரப் பயணம் போகிறவர்கள் பலரிடமும் இருக்கிறது. கம்பெனிப் பெட்டி, வெளிச்சந்தைப் பெட்டி இரண்டிலும் இதற்குப் போதுமான தேர்வுகள் உண்டு. 2023 நவம்பரில் வெளிவந்த இந்த வண்டியின் எஞ்சின் 452 சிசி. பெட்ரோலோடு சேர்த்து எடை 196 கிலோ, டேங்க் 17 லிட்டர், இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 1,510 மி.மீ. உங்களிடம் கேடிஎம், டிரையம்ஃப், ஹோண்டா என்று வேறு வண்டி இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

படி 1: எந்தச் சாலையில், யாரோடு, எத்தனை நாள்

வருடத்துக்கு ஒருமுறை லடாக் போக வேண்டும் என்ற ஆசையில் பெட்டி வாங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் அதைச் சுமந்துகொண்டு அலுவலகம் போகிறவர்கள் அதிகம். ஆகவே ஆசையை ஒதுக்கிவிட்டு, கடந்த ஒரு வருடத்தில் உண்மையில் எங்கே போனீர்கள் என்று பாருங்கள். ஏலகிரி, வால்பாறை, கொல்லிமலை என்று இரண்டு நாள் மலைப் பயணம்தான் பெரும்பாலும் என்றால், பின்சீட்டின் மேல் கட்டும் ஒரு டெயில் பேக் போதும். அதற்குக் கேரியரே வேண்டாம். 30 முதல் 40 லிட்டர் பைக்குள் ஒருவருக்கு வேண்டிய நான்கு நாள் துணி அடங்கிவிடும்.

மனைவியோ கணவரோ பின்னால் உட்கார, தார்ச் சாலையில் வாரக்கணக்கில் போகிறவர்களின் தேவை வேறு. பின்சீட் நிரம்பிவிடுவதால் பக்கவாட்டில்தான் சாமான் வைக்க முடியும். இரவில் விடுதிக்குள் தூக்கிக்கொண்டு போகவும், பகலில் கோயில் வாசலிலோ உணவகத்திலோ பூட்டிவிட்டுப் போகவும் வசதி வேண்டும். கடினப் பெட்டிக்கு நியாயம் இருப்பது இந்தப் பயணத்தில்தான்.

ஸ்பிதி, சன்ஸ்கார், லடாக் போன்ற கரடுமுரடுப் பாதை மூன்றாவது வகை. இங்கே வண்டி விழும். எத்தனை திறமைசாலி ஓட்டினாலும் நீரோடையில், மணலில், தளர்ந்த கற்களில் ஒருமுறையாவது சாயும். சாயும்போது பெட்டி நசுங்குமா, கால் நசுங்குமா என்பதை முன்பே யோசிக்க வேண்டும்.

கூடுதல் பெட்ரோல் கொண்டுபோகும் ஜெர்ரி கேன் பற்றியும் இந்தப் படியிலேயே முடிவெடுத்துவிடலாம். மணாலி - லே சாலையில் தாண்டி என்ற ஊரில் இருக்கும் பெட்ரோல் பங்க்கின் அறிவிப்புப் பலகை பிரபலமானது: அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி. இதைக் காரணம் காட்டியே பலர் கேன் கட்டும் சட்டமான லடாக் கேரியரும் இரண்டு கேன்களும் வாங்குகிறார்கள். ஹிமாலயன் 450-க்கு 17 லிட்டர் டேங்க். சுமையோடும் ஏற்றத்தோடும் லிட்டருக்கு 25 கி.மீ. மட்டுமே கிடைக்கும் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 425 கி.மீ. வருகிறது. தாண்டியில் முழு டேங்க் நிரப்பினால் லே வரை போய்விடலாம். நிம்மதிக்காக வேண்டுமென்றால் ஒரு 2 லிட்டர் கேன் போதும். 11, 12 லிட்டர் டேங்க் உள்ள வண்டிக்காரருக்குத்தான் பெரிய கேன் உண்மையில் தேவை.

படி 2: எடைக் கணக்கு

எல்லோரும் லிட்டரைக் கேட்கிறார்கள். கிலோவைக் கேட்பவர்கள் குறைவு. உங்கள் வண்டியின் கையேட்டில் அதிகபட்ச மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். வண்டி, ஓட்டுநர், பின்னால் இருப்பவர், சாமான் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் சுமை. அது 180 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம்.

ஓட்டுநர் 78 கிலோ. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், முழங்கால் கவசம் சேர்த்து 8 கிலோ. பின்னால் இருப்பவர் 58, அவருடைய கவசங்கள் 6. இதுவே 150. மீதி 30 கிலோ. நிறைய இருப்பது போலத் தோன்றும். பக்கவாட்டுக் கேரியர் 5 கிலோ, காலியான அலுமினியப் பெட்டி ஒன்று சுமார் 5 கிலோ என்று இரண்டுக்கு 10. ஒரு சட்டை கூட வைக்கவில்லை, அதற்குள் 15 கிலோ போய்விட்டது. இதற்கு மேல் சீட்டுக்குப் பின்னால் தட்டோடு ஒரு டாப் பாக்ஸும் மாட்டினால் இன்னும் 6 கிலோ. இரண்டு பேரின் துணி, கருவிகள், தண்ணீர், சார்ஜர், மருந்து எல்லாவற்றுக்கும் 9 கிலோதான் மிஞ்சும்.

அதே கேரியரில் ஒவ்வொன்றும் 2 கிலோ எடையுள்ள இரண்டு மென்பைகளை மாட்டினால் 21 கிலோ சாமானுக்குக் கிடைக்கிறது. தனியாகப் போகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படாது. இருவர் போகும்போது இதுதான் முடிவைத் தீர்மானிக்கும் எண். உங்கள் சொந்த எண்களைப் போட்டு, ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: எடை எங்கே உட்காருகிறது

பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்குகிறது. சாமானோடு 12 கிலோ வரும் டாப் பாக்ஸின் மையம் பின் அச்சிலிருந்து 30 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று கொள்ளுங்கள். 12-ஐ 30-ஆல் பெருக்கி, அச்சுகளுக்கு இடையிலான 151 செ.மீ.-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.4. முன்சக்கரத்தின் மேல் 2.4 கிலோ குறைகிறது. பின்சக்கரத்தின் மேல் 14.4 கிலோ கூடுகிறது. நிற்கும்போது இது சிறிய எண். மலை ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது முன்பக்கம் ஏற்கெனவே லேசாகியிருக்கும். அப்போது ஹேண்டில் பிடி இல்லாமல் மிதப்பது போல் இருக்கும். நெடுஞ்சாலையில் லாரியைக் கடக்கும்போது காற்று அடித்தால் பின்பக்கம் மெதுவாக இடவலமாக அலையும். பலர் இதை டயரின் குறை என்று நினைத்து டயரை மாற்றுகிறார்கள்.

ஆகவே என் வரிசை இது: கனமானவை பக்கவாட்டுப் பைகளின் அடியில், முடிந்த அளவு சீட்டை ஒட்டி. தனியாகப் போகிறவர் அடுத்த பையைப் பின்சீட்டின் மேல் கட்டலாம். அது அச்சுக்கு முன்னால் இருப்பதால் முன்சக்கரத்தைத் தூக்காது. டாப் பாக்ஸுக்குள் மழைக்கோட்டு, ஸ்வெட்டர் போன்ற லேசானவை மட்டும். கேரியர் தட்டிலேயோ கையேட்டிலேயோ அதன் அதிகபட்ச எடை குறிக்கப்பட்டிருக்கும். பெட்டியின் சொந்த எடையும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தட்டு 10 கிலோ தாங்கும் என்றால், 5 கிலோ பெட்டிக்குள் 5 கிலோ மட்டுமே.

படி 4: கேரியரைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். பக்கவாட்டுக் கேரியரை நம் கடைகளில் சேடில் ஸ்டே என்றும் சொல்வார்கள். வெறும் பையைச் சக்கரத்தில் படாமல் தள்ளிப் பிடிக்கும் மெல்லிய கம்பியும் இந்தப் பெயரில் விற்கிறது. கடினப் பெட்டியைத் தாங்கும் முழுச் சட்டமும் இந்தப் பெயரில் விற்கிறது. முதல் வகையில் பெட்டியை மாட்டினால் வெல்டிங் விடும். வாங்கும்போதே, எத்தனை கிலோ தாங்கும், கடினப் பெட்டிக்கா மென்பைக்கா என்று எழுத்தில் கேளுங்கள்.

நல்ல கேரியரை நான்கு இடங்களில் பார்த்து அடையாளம் காணலாம். முதலில், அது வண்டியில் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று இடங்களில், சப்ஃப்ரேமில் (சீட்டைத் தாங்கும் பின்பக்கச் சட்டம்) கம்பெனியே விட்டிருக்கும் போல்ட் துளைகளில் பிடிக்க வேண்டும். மட்கார்டிலோ இண்டிகேட்டர் தண்டிலோ பிடிக்கும் எதையும் ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இடது, வலது சட்டங்களை இணைக்கும் குறுக்குக் கம்பி. அது இல்லாத கேரியர் ஒவ்வொரு குழியிலும் உள்ளும் வெளியுமாக அசையும். அந்த அசைவுதான் வெல்டிங்கை விரிசல் விடச் செய்கிறது. மூன்றாவது, வெல்டிங் ஓரம் சீராக இருக்கிறதா, தட்டையாக நசுக்கி வளைத்த குழாய் முனைகள் உள்ளனவா. நசுக்கிய முனையில்தான் முறிவு முதலில் வரும். நான்காவது, குழாயின் விட்டம். ஐரோப்பியத் தயாரிப்பாளர்களிடம் 18 மி.மீ. வட்டக் குழாய் பரவலான அளவு. இந்த அளவில் கேரியர் இருந்தால் பல கம்பெனிகளின் பெட்டிகளையும் அதற்குரிய கொக்கி வாங்கி மாட்ட முடியும். நாளைக்குப் பெட்டியை மாற்றவும் வழி திறந்திருக்கும்.

என்ன உலோகம் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் நாட்டுச் சாலைகளுக்குச் சாதாரண இரும்புக் குழாய்க் கேரியரே நல்லது. எடை கொஞ்சம் கூடுதல், பெயின்ட் உரிந்தால் துரு பிடிக்கும். ஆனால் ஹிமாச்சல் மலையூர்களான கேலாங்கிலோ காசாவிலோ முறிந்தால், டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் அரை மணி நேரத்தில் ஒட்டித் தருவார்கள். அலுமினியத்தை ஒட்ட ஆர்கான் வெல்டிங் வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது. ஒட்டும் வேலை வந்தால் கேரியரைக் கழற்றிக் கொடுங்கள். வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் பிடித்தால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஏபிஎஸ் போன்ற மின்னணுப் பாகங்கள் பாழாகலாம். கழற்றவே முடியாத நிலை என்றால் குறைந்தபட்சம் பேட்டரி இணைப்புகளையும் ஈசியூ இணைப்பையும் பிரித்துவிட வேண்டும்.

கேரியரைப் பொறுத்தவரை கம்பெனித் தயாரிப்பின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. வண்டியை வடிவமைத்தவர்களுக்குச் சப்ஃப்ரேம் எங்கே எவ்வளவு தாங்கும் என்பது தெரியும். துளைகள் சரியாகப் பொருந்தும். சீட்டைக் கழற்றவோ சங்கிலியை இறுக்கவோ இடைஞ்சல் வராது. நாளைக்குச் சப்ஃப்ரேமில் பிரச்சினை வந்தாலும் வாரண்டிப் பேச்சு சிக்கலாகாது. வெளிக் கேரியர் வாங்குவதானால், உங்கள் மாடலுக்கென்றே செய்ததை மட்டும் வாங்குங்கள். ஹிமாலயன் 411-க்கும் 450-க்கும் பெயர்தான் ஒன்று. ஃப்ரேம் முற்றிலும் வேறு. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்வது எந்த வண்டிக்கும் ஒழுங்காகப் பொருந்தாது.

படி 5: கம்பெனிப் பெட்டி எதைத் தருகிறது, எதைத் தராது

கம்பெனிப் பெட்டி என்றாலே உயர்ந்தது என்ற எண்ணத்தை முதலில் தள்ளி வைக்க வேண்டும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஹோண்டா கோல்டு விங் 1975-இல் வந்தபோது அதற்குக் காற்றுத் தடுப்பும் கிடையாது, பெட்டியும் கிடையாது. அமெரிக்காவில் அதை வாங்கியவர்கள் கிரெய்க் வெட்டரின் விண்ட்ஜாமர் காற்றுத் தடுப்பையும் வெளிச்சந்தைப் பெட்டிகளையும் மாட்டித்தான் ஊர் சுற்றினார்கள். அதைப் பார்த்துத்தான் 1980-இல் ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட் என்ற, எல்லாம் பொருத்திய வண்டியை ஹோண்டாவே கொண்டுவந்தது. இன்றைக்கும் கம்பெனி முத்திரையோடு வரும் பெட்டிகள் சிலவற்றின் பின்னால் வெளிச்சந்தை நிபுணர்களே இருக்கிறார்கள். டிரையம்ஃப் தன் டைகர் வண்டிகளுக்கான பெட்டிகளை இத்தாலியின் கிவி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. டுகாட்டி மல்டிஸ்ட்ராடா எண்டூரோவின் அலுமினியப் பெட்டிகளை ஜெர்மனியின் டூராடெக் செய்தது.

அப்படியென்றால் கம்பெனிப் பெட்டியில் எதற்குக் காசு கொடுக்கிறோம்? பொருத்தத்துக்கு. சைலன்சர் இருக்கும் பக்கத்தில் எவ்வளவு உள்வாங்க வேண்டும், பின்னால் இருப்பவரின் கால் எங்கே வரும், இண்டிகேட்டர் எந்தக் கோணத்தில் தெரிய வேண்டும் என்றெல்லாம் வண்டியோடு சேர்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள். பிஎம்டபிள்யூ, ஹோண்டா போன்றவற்றின் பெரிய டூரிங் வண்டிகளில் பெட்டியின் பூட்டும் வண்டியின் சாவியும் ஒன்றாகிவிடும். சிலவற்றில் ஒரு பொத்தானில் எல்லாப் பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். இந்த ஒருங்கிணைப்பை வெளியில் எந்தக் காசுக்கும் வாங்க முடியாது. அந்த வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை தயக்கமே இல்லாமல் கம்பெனிப் பெட்டிதான்.

ஹிமாலயன் போன்ற நடுத்தர வண்டியில் இந்த ஆதாயம் குறைவு. இங்கே கம்பெனிப் பெட்டியும் மேல் மூடி திறக்கும் அலுமினியப் பெட்டிதான், கேரியரில் கொக்கியால் மாட்டுவதுதான். குறைகளும் உண்டு. ஒரே அளவு, ஒரே வடிவம். நசுங்கினால் உதிரிபாகம் வரக் காத்திருக்க வேண்டும். வண்டியை விற்கும்போது பெட்டியும் அதோடு போகும், அல்லது வீட்டில் தூங்கும்; அடுத்த வண்டிக்கு அப்படியே மாறாது. பூச்சு இல்லாத அலுமினியப் பெட்டி எதுவானாலும், உள்ளே உரசும் துணிகளில் கரும்பொடி ஏறும். அதற்கென்று உள்பை தனியாக வாங்க வேண்டும். விலை கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி 6: வெளிச்சந்தையில் எதைப் பார்ப்பது

பிளாஸ்டிக் பெட்டிகளில் கிவி, ஷாட் இரண்டும் நம் ஊரில் பரவலாகக் கிடைக்கின்றன. கிவி வாங்குகிறவர்கள் மோனோகீ, மோனோலாக் என்ற இரண்டு தட்டு வகைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மோனோகீ பெரிய பெட்டிகளுக்கான கனமான அமைப்பு. மோனோலாக் சிறிய வண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் உரியது. ஒன்றின் பெட்டி மற்றதன் தட்டில் உட்காராது. பழைய பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்கும்போது இதில்தான் ஏமாற்றம் வரும். பிளாஸ்டிக் பெட்டி லேசான அடியில் வளைந்து மீளும். கடுமையான அடியில் உடையும், ஒட்ட முடியாது. அலுமினியம் நசுங்கும், கல்லாலோ சுத்தியலாலோ தட்டி ஓரளவு நிமிர்த்தி மூடியைப் பொருத்திவிடலாம்.

மென்பைகளில் வயாடெர்ரா, ரைனாக்ஸ், கார்டியன் கியர்ஸ் போன்ற இந்தியத் தயாரிப்புகள் நன்றாக வந்துவிட்டன. இங்கே இரண்டே விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, மழை. துணிப் பையின் மேல் மாட்டும் மழை உறை நெடுஞ்சாலைக் காற்றில் படபடத்துக் கிழியும். சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீர் உறையின் அடியில் தேங்கி, பை அதிலேயே ஊறும். வாயைச் சுருட்டி மூடும், தையல் இல்லாமல் ஒட்டிய நீர்புகா உள்பை இருப்பதையே வாங்குங்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் ஓட்டினால் இந்த வேறுபாடு புரியும். இரண்டாவது, பை கேரியரில் எப்படிப் பிடிக்கிறது. சீட்டின் மேல் இரண்டு பட்டைகளால் தொங்கவிடும் பை மெல்ல நழுவும். கேரியரின் கம்பியைச் சுற்றி இறுக்கும் பட்டைகள் கீழேயும் இருக்க வேண்டும். தொங்கும் முனைகளை மடித்துச் செருக இடம் வேண்டும். தளர்ந்த ஒரு பட்டை சங்கிலியிலோ ஸ்போக்கிலோ சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கொக்கி வைத்த ரப்பர் கயிறுகளைத் தூரப் பயணத்தில் முழுதாகத் தவிர்த்துவிடுங்கள். அவை விடுபட்டால் சக்கரத்தில் சுற்றும். கட்டும்போது தெறித்தால் கண்ணைப் பறிக்கும். பக்கிள் வைத்த பட்டைகளே பாதுகாப்பு.

கரடுமுரடுப் பாதைக்கு மென்பையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கால். மணலில் வண்டி தடுமாறும்போது காலை ஊன்றுவோம். வண்டி முன்னே நகர, பின்னால் இருக்கும் பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலில் இடிக்கும். வண்டி சாய்ந்தால் கணுக்கால் பெட்டிக்கடியில் மாட்டும். கடினப் பெட்டியால் கால் எலும்பு முறிந்த நிகழ்வுகள் சாகசப் பயணிகளிடையே உலகம் முழுக்க அறியப்பட்டவை. மென்பை மடங்கிக் கொடுக்கும். திருட்டுப் பயம் இருக்கத்தான் செய்கிறது. கத்தி இருந்தால் எந்தப் பையையும் கிழிக்கலாம். அதனால் பாஸ்போர்ட், பணம், கேமரா மூன்றும் எப்போதும் கழற்றி எடுத்துப் போகக்கூடிய டேங்க் பேக்கில் இருக்கட்டும்.

படி 7: அளவு, சூடு, சட்டம்

வாங்குவதற்கு முன் அட்டைப்பெட்டிகளை அதே அளவில் வெட்டி, வண்டியில் டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள். மொத்த அகலம் ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. முன்னால் ஹேண்டில் நுழைந்த இடைவெளியில் பின்னால் பெட்டியும் நுழையும் என்ற நம்பிக்கையில்தான் நாம் நெரிசலில் ஓட்டுகிறோம். பின்னால் இருப்பவரை ஏற்றி உட்கார வைத்து, அவருடைய குதிகால் பெட்டியில் இடிக்கிறதா, இறங்கும்போது கால் மேலே தாண்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். புடவையிலோ வேட்டியிலோ ஏறி இறங்குகிறவராக இருந்தால் அதே உடையில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

சைலன்சருக்கும் மென்பைக்கும் உள்ள இடைவெளியை வண்டி காலியாக நிற்கும்போது அளப்பது போதாது. பை நிரம்பினால் தொய்யும். நீங்களும் ஏறி உட்கார்ந்த பிறகு மூன்று விரல் அகலமாவது மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள்.

2020-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 123 பின்னால் பொருத்தும் பெட்டிக்கு வரம்பு வைத்திருக்கிறது: நீளம் 550 மி.மீ., அகலம் 510 மி.மீ., உயரம் 500 மி.மீ., சாமானோடு சேர்த்து 30 கிலோ. பின்சீட்டின் இடத்தில் பெட்டி வைத்தால் ஆள் ஏற்றக் கூடாது. நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் இண்டிகேட்டரும் மறையக் கூடாது. சாரி கார்டைக் கழற்றினால்தான் கேரியர் ஏறும் என்று கடைக்காரர் சொன்னால், பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு அந்தக் கேரியரிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். அதே விதி அதையும் கட்டாயமாக்குகிறது.

படி 8: பணம்

பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிட வேண்டாம். கேரியர், தட்டு, உள்பை, ஒரே சாவிக்கான பூட்டுத் தொகுதி, பொருத்தும் கூலி எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை வருடம், எத்தனை வண்டிக்கு அது உழைக்கும் என்று பாருங்கள். நல்ல மென்பையோ, வெளிச்சந்தைப் பெட்டியோ வாங்கினால் அடுத்த வண்டிக்குக் கேரியர் மட்டும் மாற்றினால் போதும். வண்டியை வாங்கும்போதே கம்பெனித் துணைப்பாகங்களையும் சேர்த்து பில் போட்டால், காப்பீட்டில் அவற்றின் மதிப்பைச் சேர்க்கலாம். பிறகு வாங்கியதையும் பில்லைக் காட்டிச் சேர்க்கச் சொல்லலாம். சேர்க்காவிட்டால் விபத்தில் பெட்டிக்கு ஒரு ரூபாயும் வராது. கூடுதல் விளக்கு உள்ள டாப் பாக்ஸ் என்றால் வண்டியின் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். வாரண்டித் தகராறுகள் பலவும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

படி 9: முடிவு

தார்ச் சாலையில் இருவராகப் போகிறவர்கள், எடைக் கணக்கு இடம் கொடுத்தால், கம்பெனிக் கேரியரும் கம்பெனிப் பெட்டியும் எடுங்கள். இடம் கொடுக்காவிட்டால் அதே கேரியரில் மென்பை. மலையும் மண்ணும் நாடித் தனியாகப் போகிறவர்கள் கம்பெனிக் கேரியர் வாங்கி, வெளிச்சந்தையிலிருந்து நீர்புகா மென்பைகளை மாட்டுங்கள். ஹிமாலயனுக்கு என் சொந்தத் தேர்வும் அதுதான். நகரத்தில் தினமும் ஓட்டி, ஹெல்மெட்டையும் மடிக்கணினியையும் பூட்டி வைக்க வேண்டியவர்களுக்கு வெளிச்சந்தைப் பிளாஸ்டிக் டாப் பாக்ஸ் ஒன்று போதும். பழைய வண்டிக்குக் கம்பெனி பாகம் வருவது நின்றிருந்தால் வெளிச்சந்தைதான் வழி. அப்போது படி 4-ஐ இன்னொரு முறை படியுங்கள்.

படி 10: பொருத்துவதும் சோதிப்பதும்

எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். சட்டம் முழுதும் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே ஸ்பானர் போட வேண்டும். ஒரு துளை ஒத்துவரவில்லை என்று அரத்தால் ராவி நுழைக்கக் கூடாது. அப்படி ஏறிய சட்டம் எப்போதும் இழுவிசையிலேயே இருந்து ஒருநாள் விரிசல் விடும். திருகுகளில், அவை தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு. இறுக்கியபின் போல்ட் தலையிலிருந்து சட்டம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

பெட்டிகளில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கிட்டு, பயணத்தின் முழு எடையை ஏற்றுங்கள். தொங்கு தராசில் இரண்டு பக்கத்தையும் நிறுத்து, வேறுபாடு ஒரு கிலோவுக்குள் வரும்படி சமன் செய்யுங்கள். பிறகு பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) கூட்டுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. சுமையோடு பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், வேகத்தடையில் அடி தட்டும், வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். டயர் காற்றையும் கையேட்டில் இருவருக்கென்று சொல்லியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள்.

இந்தச் சுமையோடு ஒரு மலைச்சாலைக்குப் போய் வாருங்கள். சென்னைக்காரருக்கு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் போதும். நெடுஞ்சாலையில் வேகத்தை மெதுவாகக் கூட்டி, எங்கே அலைச்சல் தொடங்குகிறது என்று கவனியுங்கள். அலைந்தால் பிரேக்கை அழுத்தாமல், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைக்க வேண்டும். பெட்டித் தயாரிப்பாளர்கள் பலர் 120 கி.மீ. வேகத்தை உச்ச வரம்பாகக் குறிப்பிடுகிறார்கள். உங்கள் வண்டி அதற்கு முன்பே அலைந்தால் டாப் பாக்ஸின் எடையைக் குறைத்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

திரும்பி வந்ததும், 100 கி.மீ. அளவில் ஒருமுறை, 500 கி.மீ. அளவில் ஒருமுறை பெயின்ட் கோடுகளைப் பாருங்கள். கருவிப் பையில் அந்தக் கேரியருக்குரிய போல்ட்டுகள் இரண்டிரண்டு, கட்டுக்கம்பி கொஞ்சம், பட்டை ஒன்று கூடுதலாக இருக்கட்டும். வண்டியை ரயில் பார்சலில் சண்டிகருக்கோ டெல்லிக்கோ அனுப்புவதானால் டேங்கைக் காலி செய்வதோடு பெட்டிகளையும் கழற்றி நீங்களே எடுத்துச் செல்லுங்கள். இறங்கியதும் பங்க்குக்குப் போகும் முன் கேரியர் வளைந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.